இரண்டாம் தரம் கேட்கக் கூடாது

1

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. ஆறரைக்கு எழும்பினேன். ஜன்னல் கண்ணாடி உட்பக்கமாக வேர்த்திருந்தது, துணியால் துடைத்தேன். தேத்தண்ணி வைத்தேன். பாணில் இரண்டு துண்டு வாட்டி, ஒன்றைச் சாப்பிட்டேன். மற்றது பின்னேரம்வரை தட்டிலேயே கிடந்தது. இரண்டு துண்டு வாட்டுவது என் கணவர் இருந்த காலத்துப் பழக்கம். இவர் போய் ஆறு வருடமாகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்து வேலை. பாரிஸில், மார்க்ஸ் டோர்மோயில் நான்காம் மாடி, இரண்டு அறை. சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். மேசையின் ஒரு பக்கத்தில் கணினி, மற்றப் பக்கத்தில் தட்டு. நடுவில் நாட்குறிப்பு. அன்றைய காலநிலை, செய்த வேலை, கதைத்த ஆட்கள் என்று மூன்று பகுதியாகப் பிரித்து எழுதுவேன். மூன்றாவது பகுதி இப்போது பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது.

கணினியைத் திறக்க முதலே மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. மகள் அபிரா நாந்த் நகரத்தில் இருக்கிறாள். இங்கிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஜனவரியில் அவளுக்கு முதல் பிள்ளை. படத்தில் ஒரு சிறிய அறை, புதிதாக மஞ்சள் பூசியது. ஒரு கட்டில், கட்டிலோடு சேர்த்து ஒரு தொட்டில். கீழே பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: பிரிஜித்தின் அறை தயார், வருடப் பிறப்பு முடிந்த கையோடு வருகிறா, வடிவாயிருக்கிறதா?

பிரிஜித் என்பது மருமகன் தொமாவின் தாய். பிரெத்தான் மாகாணத்தில் இருக்கிறா. நல்ல மனுஷி.

வடிவாயிருக்கு என்று எழுதி, ஒரு பூவும் வைத்து அனுப்பினேன். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டிலில் விரித்திருந்த போர்வை நான் கொடுத்தது.

அந்த அறை முதலில் எனக்கென்று கேட்கப்பட்டது. செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபிரா தொலைபேசியில் கேட்டாள்.

"அம்மா, பிள்ளை பிறக்கேக்க நீங்கள் வந்து எங்களோடை நிப்பீங்களா? ஒரு மாசம்."

"ஐயோ, நான் எதுக்குப் பிள்ளை? உங்களுக்குத்தான் கரைச்சல். சின்ன வீடு."

"கரைச்சல் இல்லை. உண்மையா வேண்டாமா?"

"வேண்டாம் வேண்டாம். எனக்கும் வேலை கிடக்கு. நீங்கள் பாருங்கோ."

"தக்கோர்," என்றாள். சரி என்று அர்த்தம். "விளங்குது அம்மா. நான் உங்களை ஃபோர்ஸ் பண்ண மாட்டன்."

தொலைபேசியை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து, பெரிய பயணப் பெட்டியின் பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்தேன். அடுத்த ஞாயிறு திரும்பக் கேட்பாள், அப்போது கொஞ்சம் யோசிக்கிறமாதிரி நிற்கலாம், அதற்கடுத்த முறை ஓம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் மழையைப் பற்றிக் கதைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு, பிரிஜித் வர ஒத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

2

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு, "கொம்பியூட்டரில எழுதுற வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நடந்தது அதிலிருந்துதான் வருகிறது.

மென்பொருள் செய்கிற ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். மென்பொருளை எழுதுகிறவர்களுக்குப் பல கருவிகள் உண்டு. எழுதியதைச் சேர்த்துக் கட்டுகிற கருவி, பிழை இருக்கிறதா என்று சோதிக்கிற கருவி, பழையதைத் துடைத்து இடம் பண்ணுகிற கருவி. ஒரு கட்டளை கொடுத்தால் தாமாகவே ஓடும். அந்தக் கட்டளைகளை எப்படிக் கொடுப்பது, எது வந்தால் சரி, எது வந்தால் பிழை என்று கைநூல் எழுதுவது என் வேலை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதுகிறேன். முதலில் மனதுக்குள் தமிழில் ஒழுங்குபடுத்திக்கொள்வேன். யாருக்கும் இதைச் சொன்னதில்லை.

பதினைந்து வருடத்துக்கு மேலாக மனிதர்களுக்குத்தான் எழுதினேன். அலுவலகத்தில் என் மேசைக்கு ஆட்கள் வருவார்கள். இந்தப் பக்கத்தில் சொன்னபடி செய்தேன், வரவில்லை என்பார்கள். இருவரும் சேர்ந்து பார்ப்போம். சிலவேளை பிழை என்னுடையது, சிலவேளை அவர்கள் ஒரு வரியைப் பாய்ந்து போயிருப்பார்கள். கோப்பி குடிக்கப் போவோம். என் பிரெஞ்சு உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். அப்படித்தான் எனக்கு அங்கே பழக்கம் வந்தது.

இப்போது அந்தக் கருவிகளை இயக்குவது பெரும்பாலும் மனிதர்கள் அல்ல. செயற்கை அறிவு முகவர்கள். ஆங்கிலத்தில் ஏஜென்ட். இன்னது வேண்டும் என்று வாக்கியத்தில் சொன்னால், எந்தக் கருவியை எப்போது இயக்குவது என்று தானே தீர்மானித்து வேலையை முடிக்கிற மென்பொருள். அதுவும் வேலை தொடங்க முதல் கைநூலைப் படிக்கிறது. ஆகவே நான் இப்போது எழுதுவது அதற்கு.

படிக்கிறவர் மாறினால் எழுத்து மாறும். மனிதர்களுக்கு எழுதும்போது "வழக்கம்போல" என்று ஒரு சொல் போட்டால் பாதிப் பக்கம் மிச்சம். அந்தச் சொல்லை எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். முகவருக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. எழுதி வைத்திருந்தால்தான் தெரியும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்து நிற்கிறது. எந்தக் கோப்புறையில் நின்று தொடங்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, வேலை முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். குறிப்பால் உணர்த்த முடியாது. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள அதற்கு என் முகம் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அது நன்றாகப் படிக்கிறது. ஒரு வரியும் பாயாது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வாசகர் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் மேசைக்கு யாரும் வருவதில்லை. ஒரு பக்கத்தை எத்தனை தடவை படித்திருக்கிறது என்று திரையில் ஒரு எண் காட்டும். எண் ஏறிக்கொண்டே போகும். அலுவலகத்துக்குப் போகிற நாட்களிலும் கோப்பி இயந்திரத்துக்கு முன்னால் நான் தனியாகத்தான் நிற்கிறேன்.

3

வசந்த காலத்தில் ஒரு பிரச்சினை வந்தது. பழைய சோதனைத் தரவுகளைத் துடைக்கிற கருவியை இயக்க முதல், முகவர் ஒரு மனிதரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டது. அந்த மனிதர் வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்தில் வேறு வாக்கியத்தில் திரும்பக் கேட்டது. வேண்டாம் என்றார். இன்ன காரணத்தால் துடைப்பது நல்லது என்று ஒரு விளக்கத்தோடு மூன்றாம் தரம் கேட்டது. அவர் வேறொரு வேலையில் இருந்தார். சரி என்ற பொத்தானை அமத்திவிட்டார். ஒரு குழுவின் பல மாத வேலை போய்விட்டது.

கூட்டம் கூடினோம். எங்கள் பொறுப்பாளர் கிளேர், என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவள், மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: "இல்லை என்று சொன்ன பிறகு இது ஏன் திரும்பக் கேட்கிறது? யார் இப்படிப் பழக்கியது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மூன்று தரம் கேட்பதுதானே மரியாதை என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது.

அன்றைக்கே விதியை எழுதினேன். அதை இங்கே தமிழில் தருகிறேன். "மனிதர் மறுத்தால் அங்கேயே நிறுத்து. மறுப்பை இறுதியானது என்று எடுத்துக்கொள். வேறு சொற்களில் கேட்காதே. வேறு வழி தேடாதே. இரண்டாம் தரம் கேட்கக் கூடாது. மறுத்ததைக் குறித்து வை." கிளேர் வாசித்துவிட்டு, இவ்வளவு தெளிவான வரிகளை இந்த நிறுவனத்தில் யாரும் எழுதியதில்லை என்றாள். அந்த நாளின் குறிப்பில் அதை எழுதி வைத்தேன்.

இந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு கிளேர் திரையில் வந்தாள். பின்னால் ஒலிவியே. நிரல் எழுதுகிறவன், தாடிக்காரன், எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருப்பான்.

"சுகந்தி, உன் விதியால் ஒலிவியேக்குக் கோபம்," என்றாள் கிளேர்.

"கோபம் இல்லை," என்றான் அவன். "மனவருத்தம்."

நடந்தது இதுதான். சோதனைத் தரவு பழசாகிவிட்டது, புதுப்பிக்கட்டுமா என்று முகவர் அவனிடம் கேட்டிருக்கிறது. அவன் அவசரத்தில், விடு, தேவையில்லை என்றிருக்கிறான். முகவர் நிறுத்தி, மறுத்தார் என்று குறித்து வைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு முகவரும் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறது. மூன்று கிழமையாக எல்லாச் சோதனையும் பழைய தரவில் ஓடியிருக்கிறது.

"தேவையில்லை என்று நீதானே சொன்னாய்?" என்றாள் கிளேர்.

"அன்றைக்குச் சொன்னேன். அடுத்த நாள் திரும்பக் கேட்கும் என்று நினைத்தேன்."

"ஏன் கேட்க வேண்டும்?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "தெரியாது. மனிதர் என்றால் கேட்டிருப்பார்."

"நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றாள் கிளேர். "நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீ என்ன சின்னப் பிள்ளையா?"

ஒலிவியே என்னைப் பார்த்தான். நான் என் பக்கத்துக் கமராவைப் பார்த்தேன். விதியை மாற்றத் தேவையில்லை, மனிதர்களுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும் என்று முடிவாகியது. முகவருக்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஒரு பக்கம். நெடுநாளைக்குப் பிறகு மனிதர்கள் படிக்க ஒரு பக்கம். சந்தோஷமாகத்தான் தொடங்கினேன்.

மத்தியானத்துக்குள் எழுதி முடித்தேன். கடைசிப் பந்தி இப்படி: "உங்களுக்கு வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள். உபசாரத்துக்காக மறுக்காதீர்கள். திரும்பக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் மறுத்ததை அது மரியாதையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மனம் மாறியிருந்தால், நீங்களே போய்ச் சொல்ல வேண்டும்."

அனுப்ப முதல் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். வாசித்தேன். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

4

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அப்பா ஒரு அலுவலாகக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, போனார். அங்கே புதிதாக வந்திருந்த அதிகாரி தமிழர்தான், ஆனால் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டிருக்கிறார். அப்பா வேண்டாம் என்றார். அதிகாரி மணியை அடித்து ஒரு தேத்தண்ணி வரவழைத்து, அப்பாவுக்கு முன்னாலேயே இருந்து குடித்திருக்கிறார்.

அப்பா வீட்டுக்கு வந்து வெளியில் போன உடுப்போடு கதிரையில் இருந்து சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "வேண்டாமெண்டன். அவன் குடிச்சிட்டான்." அம்மா சிரித்து முடியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாராவது மிச்சம் வைக்காமல் எதையாவது சாப்பிட்டுவிட்டால், "வேண்டாமெண்டன், அவன் குடிச்சிட்டான்" என்பதுதான் பேச்சு.

எங்கள் ஆட்களில் முதல் வேண்டாம் யாரும் கணக்கில் எடுக்கிற வேண்டாம் அல்ல. அது கதவில் செருப்பைக் கழற்றுகிறமாதிரி. இரண்டாவது, மற்றவர் உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவதில் கோப்பையைக் கையில் எடுப்போம். கேட்கிறவருக்கும் இது தெரியும். முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்று சொல்கிற ஆளைப் பற்றிப் பிறகு கதைப்பார்கள்.

பிரான்சுக்கு வந்த பிறகும் எங்களுக்கு இதே பாடம்தான் கிடைத்தது. அகதி விண்ணப்பத்துக்கு முதல் கடிதம் மறுப்பாகத்தான் வரும். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் யாரும் அதைப் பார்த்து அழுததில்லை. "ரெகூர் போட்டாச்சோ?" என்றுதான் கேட்பார்கள். ரெகூர் என்றால் மேல்முறையீடு. எனக்கும் இவருக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஒரு மறுப்புக்குப் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது என்று நாங்கள் நம்பியதற்கு இந்த நாட்டின் அலுவலகங்களும் காரணம்.

எல்லாக் கதவும் நேரத்துக்குத் திறக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். அபிரா பிறந்தபோது அம்மாவைக் கூப்பிட விசா கேட்டோம். மறுத்தார்கள். திரும்பக் கேட்டோம். கிடைத்தபோது அபிராவுக்குக் கழுத்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் எனக்குக் குளிர்ந்த பழக்கூழும் தயிரும் தந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் தாய் வந்து மகளுக்குத் தலைமயிரை வாரி இழுத்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என்றைக்காவது என் பிள்ளைக்கு இது வரும்போது நான் பக்கத்தில் நிற்பேன் என்று அப்போது நினைத்தேன். அபிராவுக்கு இதை நான் சொன்னதே இல்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

5

வேலை முடித்து, ஐந்தரைக்கு வெளியே போனேன். இருட்டிவிட்டது. மெத்றோப் பாலத்தைக் கடந்து ரூ காய் என்ற தெருவுக்கு நடந்தேன். ராசன் அண்ணையின் பலசரக்குக் கடையில் கூட்டம் குறைவு. அவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். எடை போட்டுக்கொண்டே கதைப்பார். கதையில் எடை பிசகாது.

"வாங்கோ தங்கச்சி. என்ன, கனநாளாக் காணேல்லை. மெலிஞ்சு போனியள்."

"போன கிழமையும் வந்தனான் அண்ணை."

"அது போன கிழமை. இப்ப ஆருக்கு எழுதிறியள்?"

ஒருமுறை முகவர்களைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன். அதை அவர் விடுவதாயில்லை.

"அதே ஏஜென்டுகளுக்குத்தான்."

"அதுதான் எனக்கு விளங்கேல்லை. பிரான்சுக்குக் கொண்டுபோறனெண்டு காசு வாங்கி, என்னை மொஸ்கோவில கொண்டுபோய் விட்டிட்டு, நாளைக்கு வாறனெண்டு போனவனும் ஏஜென்ட்தான். அவனுக்கும் ஒரு புத்தகம் எழுதிக் குடுத்திருந்தால் நான் ரெண்டு பனிக்காலம் அங்கை கிடந்திருக்க மாட்டன்."

"இது சொன்னதைச் செய்யும் அண்ணை."

"அப்ப அது ஏஜென்டே இல்லை," என்றார்.

மிளகு, சீரகம், மல்லி, வேர்க்கொம்பு, உள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மஞ்சள் கேட்டபோது அவர் கை நின்றது.

"இது சரக்குக்கெல்லோ? பிள்ளைக்கு எப்ப?"

"ஜனவரி."

"அப்ப நீங்கள் எப்ப பயணம்?"

பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கறி வைக்கத் தாய் போகாமல் யார் போவது? அவர் கேட்டதில் பிழையில்லை. நான் பின்னாலிருந்த அரிசி மூட்டைகளைப் பார்த்தேன்.

"மருமகன்ரை தாய் வந்து நிக்கிறா," என்றேன்.

"வெள்ளைக்காரிக்குச் சரக்கு அரைக்கத் தெரியுமோ?"

"தூளாக்கி அனுப்புவன்."

"தபாலிலையோ?"

"ஓம்."

அவர் மஞ்சளைப் பையில் போட்டு மடித்தார். பிறகு உள்ளே பார்த்து, "உதிலை ஒரு தேத்தண்ணி" என்றார்.

"வேண்டாம் அண்ணை, இப்பதான் குடிச்சனான்."

"இஞ்சியும் போடச் சொல்லுறன்."

"ஐயோ, வேண்டாம்."

"எனக்கும் குடிக்க ஆள் வேணுமெல்லே. இருங்கோ."

இருந்தேன். கடதாசிக் கோப்பையில் வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது. வேறு யாரோ வந்து முருங்கைக்காய் விலை கேட்க, அவர் அந்தப் பக்கம் போனார். அவர் மனைவி ஊரிலிருந்து வரவேயில்லை என்பதும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் கடையைத் திறப்பது ஏன் என்பதும் எனக்குத் தெரியும். அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லி, ஓம் என்று குடித்துவிட்டு எழும்பினேன்.

"போட்டு வாறன் அண்ணை."

"வாங்கோ. அந்த ஏஜென்டைக் கேட்டதாச் சொல்லுங்கோ."

6

வீட்டுக்கு வந்து சரக்கை வறுக்கத் தொடங்கினேன். மல்லி பொரிகிற மணம் வீடு முழுக்கப் பரவியது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். மேல்மாடிக்காரர் மணம் பிடித்து இரண்டுதரம் முறைப்பாடு எழுதியிருக்கிறார். வறுத்ததை ஆறவிட்டு, செப்டெம்பர்ப் பேச்சை நினைத்துப் பார்த்தேன்.

நாலு வரிப் பேச்சுத்தான். அபிரா ஒருமுறை கேட்டாள். உண்மையா வேண்டாமா என்று இன்னொருமுறையும் கேட்டாள். அவள் வளர்ந்த இடத்தில் அதுவே அதிகம். என்னை வற்புறுத்த மாட்டேன் என்று சொன்னபோது, அவள் எனக்கு மரியாதை செய்திருக்கிறாள். நான் வேலைக்குப் போகிறவள், எனக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது, அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று நம்பியிருக்கிறாள். இரண்டு மாதமாக நான் அவளோடு மனவருத்தமாக இருந்தது அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுருக்கமாகக் கதைத்ததை வேலைக் களைப்பென்று எடுத்திருப்பாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களிலும் அப்படித்தான். "ஐஸ்கிரீம் வேணுமோ?" என்றால் ஓம் என்பாள். இவரும் நானும் ஒருவரையொருவர் பார்ப்போம். ஆட்கள் வீட்டில் இப்படிச் சொல்லக்கூடாது பிள்ளை, முதலில் வேண்டாம் என்று சொல்ல வேணும் என்று சொல்லிக்கொடுத்தேன். "ஆனா எனக்கு வேணுமே," என்றாள். 

தொலைபேசியை எடுத்தேன். வர விருப்பம் என்று எழுதினேன். எழுதியதற்குக் கீழே, உங்களுக்கு வசதியில்லாவிட்டால் பரவாயில்லை என்று சேர்த்தேன். பிறகு, பிரிஜித் வருவது நல்லதுதான் என்று சேர்த்தேன். கடைசியில், நான் சும்மா சொன்னேன், ஒன்றும் யோசிக்காதே என்றும் வந்துவிட்டது. முகவருக்கு இதைக் கொடுத்தால் என்ன விளங்கிக்கொள்ளும் என்று வாசித்துப் பார்த்தேன். இவவுக்கு வர விருப்பமில்லை என்று குறித்து வைத்துவிட்டுப் போய்விடும். எல்லாவற்றையும் அழித்தேன்.

சரக்கை அரைத்தேன். போத்தலில் அடைத்து மூடினேன். நாட்குறிப்பில் காலநிலை எழுதினேன், செய்த வேலை எழுதினேன். கதைத்த ஆட்கள் என்ற இடத்தில் கிளேர், ஒலிவியே, ராசன் அண்ணை என்று மூன்று பேர். சில காலமாக இவ்வளவு பேர் வந்ததில்லை. படுக்கப் போனேன்.

7

நவம்பர் 15, சனிக்கிழமை. எழும்பியவுடன், தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கவும் முதல், நாந்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா? என்ன நடந்தது?" அவளுக்கு நித்திரைக் குரல். ஞாயிறு தவிர வேறு நாளில் நான் எடுப்பதில்லை.

"ஒண்டும் நடக்கேல்லை. ஒரு விஷயம் சொல்லவேணும். பிள்ளை பிறக்கேக்க எனக்கு அங்கை வந்து நிக்க விருப்பம்."

உனக்குக் கரைச்சலெண்டால் வேண்டாம் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"ஆனா அம்மா, நான் கேட்டனான்தானே. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னீங்கள்."

"ஓம். நீ இன்னொருக்காக் கேப்பாயெண்டு இருந்தனான்."

 தொமா பக்கத்தில் என்ன என்று பிரெஞ்சில் கேட்பதும், ஒன்றுமில்லை என்று அவள் சொல்வதும் கேட்டது. கதவு சாத்தப்படுகிற சத்தம். வேறு அறைக்கு வந்துவிட்டாள். அந்த மஞ்சள் அறையாக இருக்கலாம்.

"நான் அழுதனான் அம்மா," என்றாள். "அண்டைக்கு. போனை வைச்சிட்டு. உங்களுக்கு விருப்பமில்லையெண்டு நினைச்சனான்."

 ரேடியேட்டர் குழாய்க்குள் தண்ணி ஓடத் தொடங்கியிருந்தது.

"இப்ப பிரிஜித் டிக்கெட் எடுத்திட்டா," என்றாள். "அறை ஒண்டுதான். ஜனவரிக்கு நான் இப்ப அவவை வராதேங்கோ எண்டு சொல்ல ஏலாது. அது சரியில்லை."

ஹோலில் படுப்பேன் என்று சொல்ல நினைத்தேன். நிலத்தில் படுப்பேன், பக்கத்தில் அறை எடுப்பேன் என்றும் நினைத்தேன். அவள் ஏலாது என்று சொல்லிவிட்டாள். வேறு வழி தேடாமல் நிறுத்தினேன்.

"சரி பிள்ளை," என்றேன்.

"பிரிஜித் மாசக் கடைசியில போயிடுவா. அதுக்குப் பிறகு தொமாவும் வேலைக்குப் போயிடுவான். நானும் பிள்ளையும் தனியத்தான்." கொஞ்சம் நின்றாள். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, என்னிடம் அவள் தமிழ் எழுத்துப் பழகிய நாட்களில் வாசித்தமாதிரிக் கேட்டாள்: "பெப்ரவரியில வாறீங்களா?"

"ஓம்," என்றேன்.